புதுப்பிப்பு: செங்குன்றம் மர வீட்டுக்கு உருட்டுக் கட்டைகள் தயாராகும் நிலை

முழு உருட்டுக் கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பும் எங்கள் செங்குன்றம் வீட்டைப் பற்றி முன்பு எழுதியபோது, ஈரம் காயாத பச்சை மரத்தை உடனே சுவரில் ஏற்றலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஏற்றவில்லை, மாதவரம் மரவாடியிலேயே பட்டை உரித்து, வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, காற்றோட்டத்துக்கு இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து நிழலில் அடுக்கிவிட்டோம். முனை வழியாகவே ஈரம் வேகமாக வெளியேறும் என்பதால், மெழுகு விடுபட்ட ஒரு கட்டையில் மட்டும் நடுவிலிருந்து விளிம்பு வரை விரல் நுழையும் வெடிப்பு விழுந்திருக்கிறது. (வெடித்த முனையை அறுத்துவிட்டுச் சன்னல் ஓரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் ஆசாரி.)

ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் அது மிகச் சொற்பம், குறுக்குவாக்கிலோ கணிசம். கட்டைகள் படுக்கைவசமாக அடுக்கப்படுவதால் சுவர் நாளடைவில் கீழே அமரும். ஆகவே அது நிலைகளை அழுத்தாதபடி, கதவு, சன்னல் நிலைகளுக்கு மேலே இடைவெளி விடுமாறு வரைபடத்தைத் திருத்தியுள்ளோம். இந்த இடைவெளியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

கரையானுக்கும் வண்டுக்கும் எதிராகப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசியாயிற்று. அது மழைநீரில் கரைந்து போகக்கூடியது என்பதால், வடகிழக்குப் பருவமழையை மனத்தில் கொண்டு இறவாணத்தை (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை) அகலமாக்கச் சொல்லியிருக்கிறோம். அடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி உட்காரும்படி கட்டைகளின் அடிப்பக்கத்தில் பள்ளம் செதுக்கும் வேலை தொடங்குகிறது.