லோடு ஏத்துனா மேலுமலை ஏத்தத்துல கரும்புகை, புல்லிங் இல்ல, டர்போ போச்சுங்கறாங்க

ஹெப்பகோடி வண்டிக்காரன்:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் ஹெப்பகோடில இருக்கேன், சொந்த வண்டி, 2018 மாடல் பிஎஸ்4, நாலு சிலிண்டர் காமன் ரெயில் (ஹை பிரஷர் டீசல் ஒரே பைப்ல நின்னு எல்லா இன்ஜெக்டருக்கும் போற டைப்), டர்போ (இன்ஜினுக்கு காத்த அமுக்கித் தர்றது), இன்டர்கூலர் (அந்தக் காத்த ஆற வைக்கறது). காவேரிப்பட்டணத்துலேர்ந்து சிங்கேன அக்ரஹாரா பழ மார்க்கெட்டுக்கு மாங்கா லோடு அடிக்கறேன். போன வருஷம் ஒரு இடத்துல பவர் ஏத்தித் தர்றோம்னு ரெயில் பிரஷர் சென்சார் ஒயர்ல ஒரு டியூனிங் பாக்ஸ் மாட்டி, டர்போ பிரஷர கட்டுப்படுத்தற ஆக்சுவேட்டர் ராட நாலு திரெட் டைட் பண்ணி, புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கே விடற ஈஜிஆர பிளேட் போட்டு அடைச்சு, பெரிய சைலன்சர் பைப்பும் போட்டு விட்டாங்க. ஆறு மாசம் வண்டி பறந்துச்சு, பொய் சொல்லல.

இப்ப எம்ப்டியா போனா ஒன்னும் தெரியல. லோடோட கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏத்தம் வந்ததும் 2000 ஆர்பிஎம்முக்கு மேல சொய்ய்ங்னு ஒரு சத்தம், கண்ணாடில பாத்தா பின்னாடி வர்ற வண்டியே தெரியாத அளவுக்கு கரும்புகை, புல்லிங் அப்படியே விழுந்துடுது, கொஞ்ச தூரத்துல செக் இன்ஜின் லைட் எரிஞ்சு ரெண்டாவது கியர்ல முக்கி முனகி ஏறுது. ஓரங்கட்டி சாவிய ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடுது, அடுத்த ஏத்தத்துல மறுபடியும் அதேதான். டெம்பரேச்சர் முள்ளும் பாதிக்கு மேல போகுது. ஸ்கேனர்ல பி0299ன்னு ஃபால்ட் கோடு வந்துச்சு. ஆயில் குறையல, தண்ணியும் குறையல. இங்க மெக்கானிக் கேபினத் தூக்கி ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு "டர்போ ஹோய்த்து", அதாவது போச்சுன்னுட்டார், 38 ஆயிரம் ஆகுமாம். சீசன் நேரத்துல வட்டிக்கு வாங்கித்தான் போடணும், நெஜமாவே டர்போதானா சொல்லுங்க.

பீன்யா டீசல்:
தம்பி அவசரப்பட்டு டர்போவ கழட்ட விடாதீங்க. பி0299ன்னா ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்ட அளவு பூஸ்ட் (டர்போ அமுக்கற காத்து பிரஷர்) வந்து சேரல, அவ்வளவுதான். உங்க ஆக்சுவேட்டர வேற டைட் பண்ணிருக்காங்க, அப்படின்னா பூஸ்ட் ஜாஸ்தி வரணும், வந்தா வேற கோடு வரும். ஆனா உங்களுக்கு கம்மி வருது, கூடவே சொய்ங் சத்தம், அப்ப டர்போ காத்த அமுக்குது, அது இன்ஜினுக்கு வர்ற வழில எங்கயோ வெளிய போயிட்டிருக்கு. இன்டர்கூலர் ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் ஓரம், இந்த மூணத்தான் முதல்ல பாக்கணும்.

புகை ஏன் இவ்வளவுன்னா, காத்து கம்மின்னு மேனிஃபோல்டு (இன்ஜினுக்கு காத்து நுழையற பைப்) சென்சார் சொன்னா ஈசிஎம்மே டீசல கொறச்சுடும், கம்பெனி செட்டிங்ல இந்த அளவு புகை வரவே விடாது. உங்க பாக்ஸ் ரெயில் பிரஷர கம்மியா காட்டி ஈசிஎம்ம ஏமாத்துது, அது கணக்கு போட்டத விட ஜாஸ்தி டீசல் உள்ள இறங்குது, எரியறதுக்கு காத்து இல்ல. இது வெறும் புகை விஷயம் இல்ல தம்பி. காத்து இல்லாம டீசல் ஊத்தி ஏத்தத்துல மிதிச்சா எக்சாஸ்ட் சூடு 700 டிகிரி தாண்டும், பிஸ்டன் அலுமினியம், அலுமினியம் 660லயே உருகும். கீழேர்ந்து ஆயில் அடிச்சு கூல் பண்றதாலதான் அது தாங்கிட்டு இருக்கு. மொதல்ல பாக்ஸ கழட்டுங்க.

ஓசூர் ஃபிட்டர்:
முள்ளு ஏறுதுன்னா எனக்கு ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்) மேல டவுட்டு. ரேடியேட்டர் மூடிய ஆறின பிறகு திறந்து ஸ்டார்ட் பண்ணி பாருங்க, நிக்காம முட்டை முட்டையா கொப்புளிச்சா கேஸ்கெட்டேதான்.

பீன்யா டீசல்:
பாக்கட்டும், செலவில்லாத டெஸ்ட்தான். ஆனா தண்ணி குறையல, வெள்ளைப்புகை இல்ல, ஏத்தத்துல மட்டும் ஏறுது, அதனால ஓவர் டீசல் சூடுன்னுதான் நான் நெனைக்கறேன்.

கலாசிபாளையம் பம்ப் கடை:
20 வருஷமா இந்த வேலைதான் பண்றேன், எப்படி செக் பண்றதுன்னு சொல்றேன். இன்ஜின் ஆறியிருக்கணும், ஆஃப்ல இருக்கணும். ஏர் ஃபில்டர்லேர்ந்து டர்போவுக்கு வர்ற பைப்ப கழட்டி உள்ள இருக்கற வீலோட நட்ட ரெண்டு விரல்ல புடிச்சு ஆட்டுங்க. பக்கவாட்டுல லேசா ஆடும், அது ஆயில் கேப், பயப்பட வேணாம். முன்ன பின்ன இழுத்தா ஆட்டமே தெரியக்கூடாது, வீல் இறக்கை சுவத்துல உரசுன கீறலும் இருக்கக்கூடாது. இது ரெண்டும் சரியா இருந்தா அந்த டர்போ நல்ல டர்போ, நான் கையெழுத்து போட்டுத் தர்றேன்.

அப்புறம் அந்த வாய்க்கு ஒரு மூடி அடிச்சு டியூப் வால்வ் வெச்சு கம்ப்ரஷர்ல 15 பிஎஸ்ஐ காத்து விடுங்க, 20 தாண்ட வேணாம். சோப்புத்தண்ணிய ஹோஸ் மேலயும் இன்டர்கூலர் ரெண்டு பக்கமும் அடிச்சா நுரை எங்க வருதுன்னு கண்ணாலயே பாக்கலாம். ஹோஸோட அடிப்பக்கத்த கண்டிப்பா தடவிப் பாருங்க, எல்லாரும் மேலயே பாத்துட்டு விட்டுடறாங்க. லீக் இருந்தா அந்த எடத்துல எண்ணெய்ல மண்ணு ஒட்டி கருப்பா கோடு போட்டிருக்கும்.

லீக்கோட ஓட்டாதீங்க, காத்து பத்தலன்னு டர்போ இன்னும் வேகமா சுத்தும். சாதாரணமாவே நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போற சாமான், அப்ப நெஜமாவே போயிடும்.

ஹெப்பகோடி வண்டிக்காரன்:
அண்ணே கண்டுபுடிச்சாச்சு!! டர்போ வீல் ஆட்டமே இல்ல, ரேடியேட்டர்லயும் கொப்புளம் இல்ல. இன்டர்கூலர்லேர்ந்து மேனிஃபோல்டுக்கு போற ஹோஸ், மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கு, அடியில நீங்க சொன்ன மாதிரியே கருப்பா கோடு, காத்து விட்டதும் கிளாம்ப்லேர்ந்து ரெண்டு விரக்கடை தள்ளி நுரை பொங்குது. கையில அமுக்குனா ரப்பர் மீன் வாய் மாதிரி திறக்குது, விட்டா மூடிக்குது. எம்ப்டில தெரியாதது அதனாலதான் போல. ஜே.சி. ரோட்டுல 1400 ரூபாய்க்கு ஹோஸும் போல்ட் கிளாம்ப் ரெண்டும் வாங்கி மாட்டிட்டேன். ஒரே ஒரு கேள்வி, ஹோஸ்தான் புதுசாச்சே, பாக்ஸ திரும்பப் போடலாமா?

பீன்யா டீசல்:
போடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்கறேன். அந்த ஹோஸ் ஏன் கிழிஞ்சது, கம்பெனி பூஸ்டுக்கு செஞ்ச ரப்பர்ல ராட டைட் பண்ணி அதுக்கு மேல அடிச்சதாலதான். ராடையும் பழைய மார்க்குக்கே கொண்டு வந்து பூஸ்ட் கேஜ் வெச்சு செட் பண்ணச் சொல்லுங்க. ஈஜிஆர் பிளேட்டையும் எடுத்துடுங்க, 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு இருக்கு, எஃப்சிக்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) போறப்ப மாட்டிக்கிட்டா சீசனே போயிடும்.

கலாசிபாளையம் பம்ப் கடை:
ஆமா. இன்னொன்னு, ஒரு வருஷம் ஜாஸ்தி பிரஷர் வாங்கின இன்ஜெக்டர் (டீசல தெளிக்கற நாசில்) அது. நாலுலயும் மிச்ச டீசல் திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்ப தனித்தனி பாட்டில்ல விட்டு பாருங்க, ஒன்னு மட்டும் சீக்கிரம் ரொம்புனா அந்த இன்ஜெக்டர் தேஞ்சுடுச்சு. ஏத்தம் ஏறி நிறுத்துனா உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடுங்க, இல்லன்னா டர்போல நிக்கற ஆயில் கருகிடும்.

ஹெப்பகோடி வண்டிக்காரன்:
பாக்ஸ கழட்டியாச்சு, ராடும் பழையபடி வெச்சாச்சு. நேத்து ராத்திரி ஃபுல் லோடோட மேலுமலை மூணாவது கியர்ல ஏறுச்சு, முன்ன மாதிரி பறக்கல, ஆனா கண்ணாடில பின்னாடி லாரி லைட்டு ரெண்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு, முள்ளு பாதிலயே நின்னுச்சு. பாட்டில் டெஸ்டுக்கு ஞாயித்துக்கிழம கடைக்கு வர்றேன் அண்ணே, காலைல எத்தன மணிக்கு திறப்பீங்க?