எஞ்சின் மாற்றியபின் முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். விழுகிறது

கேள்வி: என் குட்டி விமானத்தில் பழைய ரோட்டாக்ஸ் 447 எஞ்சினை இறக்கிவிட்டு 503 ஏற்றினேன். ஐடிலில் குறையே இல்லை. விமானத்தின் வாலை மரத்தில் கட்டி முழு த்ராட்டில் கொடுத்தால் 6,200. அரை நிமிடத்தில் 5,000-க்கு விழுந்து, எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறுகிறது. பிளக் புதிது. கார்பரேட்டரை இரண்டு தடவை கழுவியாச்சு!

பதில் 1: பெட்ரோல் போதவில்லை. மேலும் ஓட்டாதீர்கள், பிஸ்டன் பிடித்துவிடும். பெட்ரோல் பம்ப் கிராங்க்கேஸின் (பிஸ்டனுக்குக் கீழுள்ள கூடு) காற்றழுத்தத் துடிப்பில்தான் இயங்குகிறது. அந்தத் துடிப்பைப் பம்புக்குக் கொண்டுவரும் குழாய் எவ்வளவு நீளம்?

கேட்டவர்: இரண்டடி. மீந்த பெட்ரோல் டியூபைப் போட்டேன்.

பதில் 2: அதுதான் அண்ணே! மெல்லிய டியூப் உப்பி, துடிப்பை விழுங்கிவிடும். தடித்த குழாய் போடுங்கள், முடிந்தவரை குட்டையாக. பம்பை எஞ்சின் மேலேயே மாட்டாதீர்கள், சூடும் அதிர்வும் ஆகாது.

கேட்டவர்: மாற்றிவிட்டேன். ஐந்து நிமிடம் 6,300-லேயே நின்றது. கழுவிய கார்பரேட்டர்தான் பாவம்.