லேப்டாப்பில் ஓடும் புகைப்பட டிவிடி தாத்தா வீட்டு பிளேயரில் ஓடவில்லை, உதவி தேவை

கேள்வி (குத்தாலம்):

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் திருக்கடையூரில் எங்கள் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். வீட்டில் இருக்கிற பழைய படங்களை எல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றும் சில விநாடி நின்று மாறுகிற மாதிரி, பின்னணியில் நாதஸ்வரம் வைத்து ஒரு வீடியோ செய்திருக்கிறேன். சுமார் 300 படம், அரை மணி நேரம் ஓடும். விண்டோஸ் 10 லேப்டாப், வெளியே செருகுகிற டிவிடி ரைட்டர். அந்த எம்பி4 கோப்பை டிஸ்க்கில் எழுதச் சொன்னபோது எப்படி எழுதட்டும் என்று கேட்டது, "வித் எ சிடி/டிவிடி பிளேயர்" என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன். லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது. தாத்தா வீட்டு பிளேயரில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஒன்றும் காட்டாமல் நின்றுவிடுகிறது. கடையில் வாங்கிய டிவிடி எல்லாம் அதில் ஓடுகிறது.

பென் டிரைவ் வழி எங்களுக்கு ஆகாது. அந்த பிளேயரில் யுஎஸ்பி கிடையாது, டிவியும் பழைய பிக்சர் டியூப் டிவி. விசேஷம் முடிந்து நாங்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு தாத்தாவும் பாட்டியும் அவர்களாகவே டிஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை.

பதில் (மன்னார்குடி):

தம்பி, டிஸ்க்கிலும் பிளேயரிலும் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. பல வருஷம் கல்யாண வீடியோ மிக்சிங் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நிறைய பேரைத் தடுமாற வைப்பது விண்டோஸின் அந்த ஒரு வரிதான். அதைத் தேர்ந்தெடுத்தால் எம்பி4 கோப்பு அப்படியே டிஸ்க்கில் போய் உட்காரும், டிவிடி வீடியோவாக மாறாது. லேப்டாப்புக்கு எம்பி4 தெரியும், பழைய பிளேயருக்குத் தெரியாது.

அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 வீடியோ, அதுவும் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி கோப்புகளாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கிய டிவிடியை லேப்டாப்பில் போட்டுத் திறந்து பாருங்கள், இந்த அமைப்புதான் இருக்கும். விண்டோஸ் 7 காலத்தில் இதைச் செய்ய டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்தது, விண்டோஸ் 8-லிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது டிவிடி ஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். புது புராஜெக்ட் தொடங்கும்போதே பால் (PAL) என்று தேர்ந்தெடுங்கள், நம் நாட்டு டிவி முறை அதுதான், 720×576, விநாடிக்கு 25 ஃபிரேம். அதே இடத்தில் படத்தின் அகல உயர விகிதத்தை பழைய டிவிக்கு ஏற்ற 4:3 என்று வையுங்கள். உங்கள் எம்பி4 கோப்பைக் கீழே இழுத்துப் போட்டால் எம்பெக்-2 ஆக அதுவே மாற்றிக்கொள்ளும், ஆடியோவையும் டிவிடிக்கு வேண்டிய 48 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்துவிடும். அரை மணி நேரம்தான் என்பதால் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை, தாராளமாக 8 எம்பிபிஎஸ் வரை வைக்கலாம், அப்போதும் வீடியோ 2 ஜிபியைத் தாண்டாது, 4.7 ஜிபி டிஸ்க்கில் இடம் மிச்சம்தான்.

நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு டிஸ்க்கும் ஒரே கோப்பாக, எடுத்து விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் அப்புறம் ஒரே முறை எழுதும் டிவிடி-ஆர் டிஸ்க்கில் 8எக்ஸ் வேகத்திலோ அதற்குக் கீழேயோ எழுதுங்கள். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டாம், அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு அது பிடிபடாது. எழுதும்போது லேப்டாப்பில் சார்ஜ் முழுதாக இருக்கட்டும், நம் பக்கம் கரண்ட்டை நம்ப முடியாது, பாதியில் நின்றால் டிவிடி-ஆர் வீண்தான்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி அண்ணே. ஐஎஸ்ஓ எடுத்து எழுதி தாத்தா வீட்டில் போட்டேன், ஓடிவிட்டது! ஆனால் வேறு மூன்று விஷயம் நிற்கிறது. குரூப் போட்டோக்களில் ஓரத்தில் நிற்பவர்கள் பாதி வெட்டுப்படுகிறார்கள். பட்டுப்புடவை ஜரிகையும் கோபுரப் படங்களும் திரையில் நடுங்குகிற மாதிரி இருக்கின்றன. இன்னொன்று, 2018 கஜா புயலில் ஒரு ஆல்பம் நனைந்து படங்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. தாத்தா கல்யாணப் படம் அதில்தான் இருக்கிறது.

பதில் (மன்னார்குடி):

முதல் இரண்டும் டிவி சம்பந்தப்பட்டவை. பிக்சர் டியூப் டிவி படத்தின் நான்கு ஓரத்தையும் கொஞ்சம் திரைக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு முகங்களும் எழுத்துகளும் உள்ளே வருகிற மாதிரி படத்தைச் சிறிதாக்குங்கள். சுற்றிலும் கறுப்பாக விடுவதைவிட, அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் வைத்தால் உயரவாக்கில் எடுத்த படங்களுக்கும் நன்றாக இருக்கும். நடுக்கத்துக்குக் காரணம், அந்த டிவி கோடுகளை ஒன்று விட்டு ஒன்றாக வரைகிறது, முடி கனத்தில் ஒரு கோடு இருந்தால் அது ஒரு சுற்றில் தெரியும், அடுத்த சுற்றில் தெரியாது. அந்தப் படங்களை மட்டும் லேசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு, மங்கலாக்கினால் அடங்கிவிடும்.

பதில் (திருவாரூர்):

தம்பி, அந்த ஆல்பத்துக்காகத்தான் எழுதுகிறேன். தயவுசெய்து படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். நனைந்து காய்ந்த படத்தில் மேல் பூச்சு பிளாஸ்டிக்கோடு சேர்ந்திருக்கும், இழுத்தால் முகம் அதோடு போய்விடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. பிளாஸ்டிக்கோடு அப்படியே படம் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் பக்கத்தை அப்படியே வைத்து 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் எடுக்கலாம், போட்டோ சிறியதாக இருந்தால் இந்த அளவு அவசியம். போனில் எடுத்தால் வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷை அணைத்து, போனை நேர் மேலே பிடியுங்கள். பளபளப்பு விழுந்தால் போனைச் சாய்க்காமல் ஆல்பத்தோடு இடம் மாறி எடுங்கள். கண்ணாடி ஃபிரேமில் ஒட்டியிருந்தாலும் கண்ணாடியோடுதான். உறவினர்களிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்:

அக்கா, நல்லவேளை நான் இன்னும் அதைத் தொடவில்லை. பிளாஸ்டிக்கோடு எடுத்துப் பார்த்தேன், பாட்டி முகம் தெளிவாக வருகிறது, ஒரு ஓரம் மட்டும் கறை. விசேஷத்துக்கு வருகிறவர்களுக்கும் இதே டிஸ்க்கைக் கொடுக்கலாமா?

பதில் (திருவாரூர்):

தாத்தா வீட்டுக்கு இரண்டு டிஸ்க் எழுதி வையுங்கள், மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டாமல் சிடி மார்க்கரால் எழுதினால் போதும். மற்றவர்களுக்குப் பென் டிரைவில் மூலப் படங்களையே கொடுங்கள். டிவிடியில் ஒரு படம் 720×576 தான், அதிலிருந்து பிற்பாடு பிரிண்ட் போட முடியாது, கஜாவில் நனைந்த அந்தக் கல்யாணப் படத்தின் நல்ல பிரதி நாலு வீட்டிலாவது இருக்க வேண்டும்.