வாடகை வீட்டுத் தோட்டம்: இலையெல்லாம் கொட்டுகிறது, 12 நாளில் வீட்டுக்காரர் வருகிறார்

புதிதாக வந்தவள்:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கே குடிவந்து ஏழு வாரங்கள்தான் ஆகின்றன. பின்புறம் தோட்டமுள்ள வாடகை வீடு. இன்னும் 12 நாளில் பார்வையிட வருவதாக வீட்டுக்காரர் கடிதம் அனுப்பியிருக்கிறார். "பருவத்துக்கு ஏற்ற தோட்டப் பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இலையுதிர்காலம் தொடங்கும்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் மரம் மஞ்சளாகி இலை கொட்டுகிறது, புல்தரையும் பாதி கெட்டுவிட்டது. எல்லாவற்றையும் நானே சாகடித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கணவர் வேலையிலிருந்து இரவில்தான் திரும்புகிறார். வைப்புத்தொகை போனால் எங்களால் தாங்க முடியாது. உடனே பதில் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் குளிர்காலம்:
தங்கையே, பயப்பட வேண்டாம். நான் வந்த முதல் வருடம் இலை உதிர்வது ஒரு வாரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கொட்டியது! அள்ளாமல் விட்டேன். மழையில் நனைந்து, நடைபாதையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. புது நாட்டில் கைக்கட்டோடு தனியாக உட்கார்ந்திருந்த அந்த நாட்களை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்: தரை உறைவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பாத்திகளை ஆழமாகக் கொத்திப் புரட்டுங்கள், புதர்களை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய தோட்டம்தான் சுத்தமான தோட்டம்.

விதைநெல்:
மன்னிக்க வேண்டும் ஐயா, வெட்டச் சொல்லாதீர்கள். வசந்தத்தில் பூக்கும் லைலாக், ஃபார்சிதியா, ரோடோடென்ட்ரான் போன்றவை அடுத்த ஆண்டுக்கான மொட்டுகளை இப்போதே கட்டி வைத்திருக்கும். இப்போது கவாத்து செய்தால் ஒரு வருடப் பூ போய்விடும். பிளம், செர்ரி மரங்களை இந்தப் பருவத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் வழியாக வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை நுழையும். அவற்றுக்குக் கோடைதான் ஏற்ற காலம். உறைபனிக்குச் சற்று முன்னால் வெட்டப்பட்ட செடி இளந்தளிர் விட்டால் அந்தத் தளிர் கருகும். ஆழமாகக் கொத்துவதும் தேவையில்லை. களை எடுத்துவிட்டு, மட்கு உரத்தை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் மண்புழுக்களே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தெற்குத்திசை:
சகோதரி எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையே யாரும் கேட்கவில்லையே. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இலையுதிர்காலம் மார்ச்சில் தொடங்குகிறது. நான் வந்த புதிதில் வடக்கத்திக் குறிப்புகளைப் படித்துச் செப்டம்பரில் டூலிப் கிழங்குகளை நட்டேன். எங்களுக்கு அது வசந்தம். ஒன்றுகூடப் பூக்கவில்லை. அந்த வருடம் முழுவதும் அப்படித்தான் போனது, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைவரை எல்லாமே தவறான மாதத்தில்.

மாடிவீடு:
தோட்டத்தைப் பராமரி என்பார்கள், ஒரு மண்வெட்டி தரமாட்டார்கள். நாங்கள் முன்பு இருந்த வீட்டில் இடுப்பளவு களையோடுதான் சாவியைக் கொடுத்தார்கள். காலி செய்யும்போது அதே களைக்காக எங்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு தோட்டம் இல்லாத வீடாகப் பார்த்துத்தான் குடியேறினோம்.

பன்னிரண்டாம் குளிர்காலம்:
உண்மை. பொழுதும் நமக்கு ஒத்துழைப்பதில்லை. வேலை முடிந்து வந்தால் இருட்டு, ஞாயிற்றுக்கிழமை மழை. பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள், ஒரு வார்த்தை சொல்லித்தர மாட்டார்கள்.

மாடிவீடு:
என் பக்கத்து வீட்டார் நேராக வீட்டுக்காரருக்கே புகார் எழுதினார்.

விதைநெல்:
நம் எல்லோருக்கும் கசப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு 12 நாள்தான் இருக்கிறது. சகோதரி, இவற்றைச் சொல்லுங்கள்: பூமியின் வடபாதியா, தென்பாதியா? இரவு வெப்பநிலை எவ்வளவு? என்ன கருவிகள் இருக்கின்றன? புல்தரை எங்கே, எப்படிக் கெட்டிருக்கிறது? குடிவந்த அன்று புகைப்படம் எடுத்தீர்களா?

புதிதாக வந்தவள்:
வடபாதிதான். முதலிலேயே சொல்லாதது என் தவறு. இரவில் ஏழு, எட்டு டிகிரி. இலைவாரும் வாரியும் புல்வெட்டும் இயந்திரமும் இருக்கின்றன. மரத்தடியில் புல்லுக்குப் பதில் மெத்தைபோலப் பாசி. முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன தொட்டிகளில் தக்காளியும் மிளகாயும் இன்னும் காய்க்கின்றன. முதல் நாள் புகைப்படங்கள் இருக்கின்றன. முதல் பதிலைப் படித்ததும் இரண்டு புதர்களை வெட்டிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பன்னிரண்டாம் குளிர்காலம்:
அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் தங்கையே, மன்னித்துவிடுங்கள்.

விதைநெல்:
இரண்டோடு நிறுத்திவிடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். மரம் சாகவில்லை. பகல் குறுகும்போது மரம் இலையிலிருக்கும் சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்பின் அடியை அடைத்து இலையைத் தானே உதிர்க்கிறது. நீங்கள் தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் அது நடக்கும். தினசரி நீரை இன்றே நிறுத்துங்கள். நிழலும் ஈரமும்தான் பாசியை வளர்க்கின்றன. தொட்டிகளுக்கு மட்டும், விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம்.

முதல் வேலை புல்தரை. உதிர்ந்த இலை புல்லின் மேல் கிடந்தால் அடியில் வெளிச்சம் போகாமல் மஞ்சளாகும், ஆகவே இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாருங்கள். பாசியை வாரியால் அழுத்திச் சுரண்டி எடுங்கள். தரை முன்பைவிட மோசமாகத் தெரியும், கலங்க வேண்டாம். ஒரு தோட்ட முள்கவை இரவல் கிடைத்தால் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தித் துளையிடுங்கள். பிறகு நிழலில் வளரும் வகைப் புல்விதையைத் தூவி லேசாக வாருங்கள். மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும் இந்த வாரங்கள்தான் விதைப்புக்கு மிக நல்லவை. முளைக்க ஒன்று முதல் மூன்று வாரமாகும் என்பதால் பார்வையிடும் நாளில் வெறும் தரையாகவே இருக்கலாம். அதனால் பாசி எடுத்து விதைத்தவுடன் அதை வீட்டுக்காரருக்குத் தேதியோடு எழுதுங்கள், முதல் நாள் புகைப்படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். விதைத்த இடம் மட்டும் முளைக்கும்வரை ஈரமாக இருக்கட்டும். இயந்திரத்தின் கத்தியை ஒரு படி உயர்த்தி மீதிப் புல்லை வெட்டுங்கள். உரம் போடுவதாயிருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாகவும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் உள்ளதை வாங்குங்கள்.

வாரிய இலைகளை எரிக்க வேண்டாம். நனைத்து, துளையிட்ட பையில் கட்டி ஒரு மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு ஆண்டில் அருமையான இலைமட்கு கிடைக்கும். நீங்கள் வேறு வீட்டுக்குப் போனால் கையோடு எடுத்துச் செல்லலாம்.

மிளகாய்த் தொட்டிகளை இன்றிரவே உள்ளே எடுத்து வெளிச்சமான ஜன்னலருகே வையுங்கள். பத்து டிகிரிக்குக் கீழே அவை வாடத் தொடங்கும். தக்காளியைப் பச்சையாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க விடலாம்.

தெற்குத்திசை:
டாஃபோடில் கிழங்குகளை இப்போது நடலாமே. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூரிய முனை மேலே இருக்கும்படி. டூலிப் நவம்பர்வரை பொறுக்கட்டும்.

விதைநெல்:
நல்ல யோசனை, ஆனால் பார்வையிடல் முடிந்த பிறகு. சகோதரி, கடைசியாக ஒன்று. முதல் உறைபனி எச்சரிக்கை வந்தவுடன் தோட்டத்து ரப்பர் குழாயைக் கழற்றி நீரை வடித்துவிடுங்கள். உறையும் நீர் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு விரியும், வெளிக்குழாயைப் பிளந்துவிடும். அந்தக் குழாய்க்கான அடைப்பு வால்வு வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

புதிதாக வந்தவள்:
சமையலறைத் தொட்டிக்குக் கீழே, சிவப்புக் கைப்பிடி. கண்டுபிடித்துவிட்டேன். மிளகாய்த் தொட்டிகளையும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நாளை காலை பாசி.