மழையில் முன்கண்ணாடி மங்குகிறது, காருக்குள் தரைவிரிப்பு ஈரமாகிறது: பருவமழைக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று வருகிறேன். ஏழு ஆண்டுகளான சிறிய பெட்ரோல் கார். ஐப்பசியின் முதல் மழையிலேயே முன்கண்ணாடி மங்கிவிட்டது. எதிரே வந்த பேருந்தின் விளக்கு விரிந்து தெரிந்ததே தவிர, சாலையின் ஓரம் தெரியவில்லை. ஏசியைக் கூட்டினால் சில வேளைகளில் தெளிகிறது, சில வேளைகளில் முன்னைவிட மோசமாகிறது. இடப்பக்க முன்னிருக்கையில் அமர்பவர் கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பும் ஈரமாக இருக்கிறது. கதவு ரப்பர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மழை வலுப்பதற்குள், மார்கழிப் பனிக்கும் சேர்த்து, வண்டியைத் தயார் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

தேங்காய்த்திட்டு:
நண்பரே, ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கம் படிகிறது என்பதை முதலில் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் மருந்து நேரெதிரானது. வைப்பரை ஒரு முறை ஓடவிட்டதும் தெளிந்தால் அது வெளிப்பக்க ஆவி. நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஏசியின் குளிர்காற்றால் கண்ணாடி குளிர்ந்துவிட்டால், அந்த ஈரம் வெளியே நீராகப் படிகிறது. அப்போது ஏசியைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகத்தான் ஆகும். காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு, குளிரைக் குறையுங்கள்.

உள்ளே விரலால் தேய்த்தால் கோடு விழுந்தால் அது உள்பக்க ஆவி. காருக்குள்ளேயே காற்றைச் சுழலவிடும் பட்டனை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஏசி ஓடிக்கொண்டே இருக்கட்டும், காற்று கண்ணாடியின் மேல் படட்டும், வெப்பத்தைச் சற்று கூட்டுங்கள். ஏசி குளிரூட்டுவதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுக்கிறது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ரப்பருக்குச் செலவு செய்வதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: தரைவிரிப்பு மழை பெய்த பிறகு ஈரமாகிறதா, மழையில்லாத நாளிலும் ஆகிறதா?

கெடிலக்கரை:
இரண்டு வகை ஆவியும் படிவதை இன்று கவனித்தேன். மழையே இல்லாத நாளிலும், ஏசி போட்டு ஓட்டிய பிறகு தரைவிரிப்பு நனைகிறது. வண்டி வீட்டு வாசலில் புங்க மரத்தின் கீழ் நிற்கிறது.

பாகூர் ஏரி:
அப்படியானால் கதவு ரப்பர்மேல் பழி போட வேண்டாம். ஏசி பிழிந்தெடுக்கும் நீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அரை மணி நேரம் ஏசி ஓடியும் அடியில் ஈரம் இல்லையென்றால் அந்தக் குழாய் அடைபட்டிருக்கிறது; நீர் உள்ளே திரும்பி இடப்பக்கம் வடிகிறது. அதில் அழுத்தமான காற்றை அடிக்க வேண்டாம், உள்ளே இணைப்பு கழன்றுவிடக்கூடும். வளையும் மெல்லிய கம்பியை அடியிலிருந்து மெதுவாக விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நனைந்த இடத்தில் இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ரேடியேட்டர் நீர், வேறு பழுது.

புங்க மரம் என்றதால் இன்னொன்று: பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சருகுகளை அள்ளுங்கள். அங்குள்ள வடிகால் துளை அடைந்தால் மழைநீர், காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறியான புளோயர் வழியாக உள்ளே இறங்கும். அந்தத் துளையை நாம் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

கெடிலக்கரை:
குழாயில்தான் அடைப்பு. கம்பியை விட்டதும் கலங்கல் நீர் கொட்டியது. ஆனாலும் உள்பக்க ஆவி முழுமையாக நிற்கவில்லையே?

பாகூர் ஏரி:
விரிப்புக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு நீரைப் பல நாள் பிடித்து வைத்திருக்கும். கால்மிதியை எடுத்துவிட்டு, விரிப்பைத் தூக்கி, வெயிலில் கதவுகளைத் திறந்து காய விடுங்கள். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தைத் தூய துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆவி எளிதில் பற்றும், இரவில் எதிர்விளக்கும் அதனால்தான் அப்படிப் பரவித் தெரியும். வைப்பர் ரப்பர் கோடு விட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

முருங்கப்பாக்கம்:
டயரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டயரின் மேல் உள்ள பள்ளக்கோடுகளின் ஆழம் சட்டப்படி 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தேங்கிய நீரில் ஓட்டுபவர் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் அதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மார்கழி மூடுபனியில் தாழ்ந்த ஒளியை மட்டும் பயன்படுத்துங்கள். உயர்ஒளி பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த வேளையில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாளில் இந்திரா காந்தி சிலைப் பக்கமோ ரெயின்போ நகர்ப் பக்கமோ தேங்கிய நீரில் வண்டி நின்றுவிட்டால், மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. எஞ்சின் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அழுந்தாது. பிஸ்டனை இணைக்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றி, இழுவை வண்டியை அழையுங்கள். சாதாரணக் காப்பீடு இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் பாலிசி புதுப்பிக்கும் தேதி எப்போது என்று பாருங்கள், அந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் அப்போதுதான் வாங்க முடியும்.