டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் மட்டும் ஏன் கைகூடுவதில்லை?

இந்திராநகர்_பகடை:
ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம்: ஒருத்தர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டும் மேசை விளையாட்டு. ஒருத்தர் புனேவுக்கு மாற்றலாகிவிட்டதால் ஆன்லைன் மேசை (வரைபடத்தைத் திரையில் வைத்து ஆட உதவும் சாஃப்ட்வேர்) தேடினேன், பழைய கதைகளைப் படித்துத் தலை சுற்றுகிறது. விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2008ல் நான்காம் பதிப்போடு 3டி மேசை வரும் என்றது. கடைசியில் வந்தது ஒரு 2டி சோதனைப் பதிப்பு, அதுவும் 2012ல் மூடியாச்சு. அப்புறம் சிஜில் என்ற அவர்களுடைய 3டி மேசை: 2025 பிப்ரவரியில் வெளியீடு, அடுத்த மாதமே டீமில் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவிடம் இல்லாத காசா?

சில்க்போர்டு_சிக்னல்:
காசு இருக்கிறது, பழக்கம் இல்லை. பெட்டி விளையாட்டு அச்சுக்குப் போனதும் வேலை முடிந்தது, மிச்சமெல்லாம் கிடங்கும் லாரியும்தான். சாஃப்ட்வேரில் வெளியீட்டுக்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பிக்கிறது: சர்வர் வாடகை, ஆப்பிள் ஐஓஎஸ்ஸை மாற்றும்போதெல்லாம் உடைகிறவற்றைச் சரிசெய்வது, ராத்திரி இரண்டு மணிக்கு லாகின் ஆகவில்லை என்று வரும் புகார். புத்தகக் கணக்கு போட்டே பழகிய மேலதிகாரிக்கு, "அதான் ரிலீஸ் ஆயிடுச்சே, இவ்வளவு பேர் இன்னும் எதுக்கு?" என்றுதான் தோன்றும்.

ரூல்ஸ்_வக்கீல்:
விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேசையில் சந்தேகம் வந்தால் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஏதோ ஒன்றைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்திவிடுவார், கோடுக்கு அந்த வசதி கிடையாது. இதே கம்பெனியின் அட்டை விளையாட்டான மேஜிக்கில் 'பிளட் மூன்' என்ற அட்டை, அடிப்படை நிலம் அல்லாத எல்லாவற்றையும் மலையாக்கும். 'உர்போர்க்' எல்லா நிலத்தையும் கூடவே சதுப்பு நிலமாகவும் ஆக்கும், ஆனால் அதுவே அடிப்படை அல்லாத நிலம், பிளட் மூன் அதையும் வெறும் மலையாக்கி அதன் சக்தியைப் பறித்துவிடும். அதனால் எது முதலில் இறங்கினாலும் பிளட் மூன்தான் ஜெயிக்கும். இதைத் தீர்க்கவே ஒரு தனி விதி, மொத்த விதிநூல் 200 பக்கத்துக்கு மேல். இருபதாயிரத்துக்கும் அதிகமான அட்டைகளுக்கு இப்படி யோசித்துக் கோடு எழுதிப் பாருங்கள், தெரியும்.

மல்லேஸ்வரம்_டிஎம்:
மேலே வக்கீல் சார் சொன்னது பாதிதான் சரி. அதே கம்பெனிதானே மேஜிக்கை ஆன்லைனில் ஆடும் மேஜிக் அரீனாவைச் செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறது? சிஜில் கவிழ்ந்ததற்கு, யாரும் கேட்காததைச் செய்ததுதான் காரணம் என்பேன். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து நாளைக்கு ஒரு குகை தயார் பண்ணுகிற ஆள் நான். ரோல்20 என்ற 2டி ஆன்லைன் மேசையில் ஒரு வரைபடப் படத்தை ஏற்றி, கட்டத்தைப் பொருத்தினால் வேலை முடிந்தது. 3டியில் சுவர், பீப்பாய், படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக நட வேண்டும், அதற்குள் விடிந்துவிடும். போதாக்குறைக்கு ஆடுகிறவர்களில் ஒருத்தர் ஆபீஸ் லேப்டாப்பில்தான் வருவார், அது சிஜில் ஓடுகிற அன்ரியல் எஞ்சின் என்ற கனமான 3டி சாஃப்ட்வேரைத் தாங்குமா?

இவர்களுக்குச் சரிப்பட்டது எல்லாம் வெளியாள் செய்ததுதான். விதிநூல்களையும் பாத்திரங்களையும் ஆன்லைனில் வைத்துக்கொள்ளும் டிஅண்ட்டி பியாண்டை வேறொருவர் கட்டி வளர்த்தார், ஹாஸ்ப்ரோ 2022ல் 14.63 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேம் லாரியன் ஸ்டுடியோ செய்தது, உரிமம் மட்டும் இவர்களுடையது. வார்ஹாமர் என்ற பொம்மைப் போர் விளையாட்டுக்காரர்களும் வீடியோ கேமை உரிமத்துக்கு விட்டுவிட்டுப் பொம்மை செய்கிறார்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

இந்திராநகர்_பகடை:
நன்றி. அப்போ எங்கள் ஐந்து பேருக்கு எது சரிவரும்? எல்லோரும் சந்தா கட்டுவது நடக்காத காரியம்.

மல்லேஸ்வரம்_டிஎம்:
ஃபவுண்ட்ரி என்ற ஆன்லைன் மேசை. டிஎம் மட்டும் ஒரு தடவை வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரிலேயே வந்துவிடலாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவதானால் ரௌட்டரில் போர்ட் திறக்க வேண்டியிருக்கும், அதை மட்டும் ஞாயிறுக்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.