கிலோவுக்கு விலையா, துண்டுக்கு விலையா?

வணக்கம். மயிலாடுதுறையில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள் கேக் என்றால் சிரமமில்லை, ஒரு கிலோ பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். இப்போது திருக்கடையூரில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு முட்டையில்லாத கேக் கேட்டிருக்கிறார்கள், 150 பேருக்கு. ஆளுக்கு 100 கிராம் வைத்தால் 15 கிலோ. இலைச் சாப்பாடும் பாயசமும் முடிந்த பிறகு அவ்வளவு யார் சாப்பிடுவார்கள்? 50 கிராம் போதும், ஏழரை கிலோவில் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் துண்டு சின்னதாகத் தெரிந்தால் விசேஷ வீட்டுக்காரர்களுக்கு மனசு கஷ்டப்படுமே. இப்படிப் பெரிய ஆர்டர் செய்தவர்கள் எத்தனை கிராம் வெட்டினீர்கள்?

விலைதான் பெரிய குழப்பம். மாவு, வெண்ணெய், க்ரீம், கேஸ், பெட்டி வரைக்கும் கணக்கு எழுதிவிடுகிறேன். என் உழைப்புக்கு எவ்வளவு போடுவது? மணிக்கணக்கிலா, பொருள் செலவில் ஒரு பங்காகவா? எடை சொல்லும்போது க்ரீமையும் சேர்த்துத்தானே சொல்கிறீர்கள்? வனஸ்பதி இல்லை, வெண்ணெய்தான் என்று சொன்னாலும் பேக்கரி விலைக்கே கேட்கிறார்கள். அதற்கு இறங்கிப்போக எனக்கு மனசில்லை.

அப்புறம், இந்த வெயிலில் க்ரீம் கேக்கை இருபது கிலோமீட்டருக்கு மேல் காரில் கொண்டுபோக வேண்டும். வண்டிச் செலவைத் தனியாக வாங்குகிறீர்களா? முன்பணம் பாதி கேட்கலாமா? இந்த வாரத்துக்குள் விலை சொல்லியாக வேண்டும், தெரிந்தவர்கள் உதவுங்கள்.